நெசவாளன் வீட்டு முறை

ஏழு மணிக்கு எழுந்தான். அடுப்பில் சாம்பலைக் கிளறி, அடியில் உயிரோடிருந்த கங்கின் மேல் இரண்டு சுள்ளிகளையும் ஒரு கட்டையையும் வைத்தான். முகம் கழுவினான். காபிக் கெண்டியின் அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் தூளைப் போட்டு, மேல்பாகத்தைத் திருகி அடுப்பில் ஏற்றினான். நகராமல் பக்கத்திலேயே நின்றான். தண்ணீர் எல்லாம் மேலேறி முடியும் தறுவாயில் அந்தக் கெண்டி களகளவென்று ஒரு சத்தம் போடும். அது வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். இறக்கினான். பாதித் தண்ணீர் கீழேயே தங்கிவிட்டது. காபி வெளிறிப்போயிருந்தது. குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு மாடிக்குப் போய் இசார்பேயின் அறைக் கதவைச் சாத்தினான்.

இந்த வீட்டுக்கு வந்து இது மூன்றாவது காலை. ஒவ்வொரு இரவும் அந்தக் கதவைச் சாத்தி, இரும்புத் தாழ் குழியில் விழும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கீழே வந்து சமையலறை பெஞ்சில் படுத்தான். ஒவ்வொரு காலையும் அது ஒரு கையகலம் திறந்திருந்தது. பழைய மரம், குளிரில் சுருங்கும். லோரியன் ஊவெஸ்கா நகரத்தில் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியன். மரம் சுருங்குவதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கக்கூடியவன். சுருங்கும் மரம் தாழைத் தூக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. பதினோரு மாதங்களாக எதையுமே அதற்கு மேல் யோசித்ததில்லை.

பிப்ரவரியில் அவன் மனைவி இசார்பே இறந்தாள். முப்பத்தொரு வயது. இது அவள் பிறந்த வீடு, ஊரார் வாயில் நெசவாளன் வீடு. அவளுடைய பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை மலையடிவாரத்து ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் வீடு அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போய்விடும். அதற்குள் அவளுடைய அறையைக் காலி செய்ய வேண்டும். அட்டைப் பெட்டிகள் மடித்தபடியே சுவரோரம் சாய்ந்திருந்தன. அவன் இன்னும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு வெளியே வந்தான். இரவு விழுந்த பனி சந்தில் முழங்காலளவு கிடந்தது. மேலே கற்பலகைக் கூரைகள், கூம்புப் புகைபோக்கிகள், பச்சை வண்ணம் பூசிய சன்னல் கதவுகள். பைரனீஸ் மலையில் இந்தப் பக்கம் எத்தனையோ ஊர்கள் கூரை விழுந்து, உள்ளே மரம் முளைத்து நிற்கின்றன. இந்த ஊரில், ஓர்னாஸில், ஒரு பலகைகூடச் சரிந்ததில்லை. கோடையில் அதைப் படம் பிடிக்கவே பேருந்து பேருந்தாக ஆட்கள் வருவார்கள். குளிர்காலத்தில் ஊரில் இருப்பது இரண்டே பேர். கொல்லன் வீட்டு கோயோவும் அவன் தங்கை விசியும். அறுபதை ஒட்டியவர்கள், இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயோ பனியை அள்ளுவான், கோவில் மணி அடிப்பான். பூட்டிய வீடுகளின் சாவிகள் எல்லாம் விசியிடம்.

நெசவாளன் வீட்டுப் பக்கச் சுவரோரம் கோயோ கல் அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு தொட்டியில் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் சாக்கு.

“ஜனவரியில கொத்துவேலையா?”

“ஊரு அழகா இருக்கணும்னா கல்லு எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும், மாப்பிள்ளை.” கோயோ நிமிரவில்லை. “அது கெடக்கட்டும். நேத்து நீ குடுத்தியே, அதப் பத்தி ராத்திரி பூரா யோசிச்சேன். அது காபியா, கெண்டிய அலம்புன தண்ணியா?”

எதிர்ச் சன்னலிலிருந்து விசியின் குரல் வந்தது. “இவன் சொல்ல வந்துட்டான். இவன் வெச்ச சூப்பை நாய் மோந்து பாத்துட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போச்சு. நீ உள்ள வா மாப்பிள்ளை, குளிர்ல நிக்காத.”

ஊரின் பெண்ணைக் கட்டியவன் என்பதால் அவன் இருவருக்குமே மாப்பிள்ளை. அவள் இறந்த பிறகும் அதை அவர்கள் மாற்றவில்லை.

விசி ரொட்டித்தூளைப் பூண்டோடு சேர்த்துப் பன்றிக்கொழுப்பில் வறுத்து, மேலே திராட்சை போட்டுக் கொடுத்தாள். சூடாக இருக்கிறது என்பது மட்டும் அவன் நாக்குக்குத் தெரிந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள்.

“சாகுறப்பக்கூட உன் தூக்கத்தப் பத்தித்தான் கவலப்பட்டிருக்கா பாரு. ‘நீ போயி கொஞ்சம் தூங்கு’ன்னு. தெனமும் செபத்துல அதச் சொல்லித்தான் அவளுக்காக வேண்டிக்கிறேன்.”

லோரியன் தலையசைத்தான்.

ஓர்னாஸில் சாவு வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான். கடைசியாக என்ன சொன்னார்? அந்தச் சொல்லை ஊர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். இன்னார் ‘ஆட்டைக் கட்டு’ என்றார், இன்னார் ‘சன்னலைத் திற’ என்றார் என்று முப்பது வருடம் கழித்தும் சொல்வார்கள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து விசி கேட்டபோது, அவன் வாயில் வந்ததைச் சொன்னான். இசார்பே அப்படிச் சொல்லவே இல்லை. அவள் கடைசியாகச் சொன்னது மூன்று சொற்கள். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

“இன்னிக்கு உன் முறை,” என்றாள் விசி.

“என்ன முறை?”

“மாதா பெட்டி. எங்க வீட்டுக்கு அடுத்தது நெசவாளன் வீடுதான? வெள்ளிக்கிழம கையெழுத்துப் போடுற வரைக்கும் நெசவாளன் வீடுன்னா நீதான்.”

பெட்டி சன்னல் மேடையில் இருந்தது. முழங்கை உயரம், கருத்துப்போன மரம், முன்னால் இரண்டு சின்னக் கதவுகள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் மாதா. நீல அங்கி வெளுத்து, மூக்கு தேய்ந்து, வீடு வீடாகப் போன களைப்போடு நின்றாள். ஒரு வீட்டில் ஓர் இரவு. மறுநாள் மாலை மணி அடித்ததும் அடுத்த வீடு. பெட்டியின் முதுகில் வீடுகளின் வரிசையைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கொல்லன் வீடு, நெசவாளன் வீடு, மணிக்காரன் வீடு என்று இருபத்துமூன்று. எழுத்து இசார்பேயுடையது. பதினாலு வயதில் பழைய தாள் கிழிந்துபோனபோது அவள்தான் புதிதாக எழுதிக் கொடுத்தாளாம். லோரியன் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொடுவதுபோல இருந்தது.

“மணிக்காரன் வீடு பூட்டிக் கெடக்கே.”

“அம்பது வருஷமா கெடக்கு. அதுக்கென்ன? மொறை மொறைதான். வாசல்ல வெச்சு மூணு தட்டுத் தட்டிட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும்.”

“யாரு எடுப்பாங்க?”

கையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்த கோயோ பதில் சொன்னான். “நாங்க ஒரு வாசல்ல வெக்கிறோம். மறுநாள் மணி அடிச்சதும் அது அடுத்த வாசல்ல இருக்கு. இருபத்திமூணு நாள்ல சுத்திக்கிட்டு எங்க வாசலுக்கு வந்துடுது. இந்த ஊருக்கு வர்ற தபாலவிட ஒழுங்கு.”

“நீங்க எட்டிப் பாத்ததே இல்லையா?”

“நான் எட்டிப் பாக்குறதெல்லாம் இவ பானையத்தான். அதுக்கே சூடு வாங்குறேன்.”

விசி சிரிக்கவில்லை. “ஆளில்லாத வீடு பத்து வருஷத்துல விழுந்துடும், மாப்பிள்ளை. பக்கத்து ஊரையெல்லாம் பாத்திருக்கியே. எங்க ஊருல ஒண்ணாவது விழுந்திருக்கா?”

அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

பிறகு விதிகளைச் சொன்னாள். எண்ணெய் விளக்கு விடியும்வரை எரிய வேண்டும். வாசல் கதவைக் குளிருக்காகச் சாத்திக்கொள்ளலாம், தாழ் போடக் கூடாது. வீட்டுக்குள்ளே இருக்கும் கதவுகள் எல்லாமே திறந்திருக்க வேண்டும்.

லோரியனின் கையிலிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு சாப்பிட்டான்.

“எதுக்கு?”

“வீட்டு ஆளுங்க வந்து மாதாகூட உக்காருவாங்க இல்ல? கதவு மூடியிருந்தா எப்படி வருவாங்க?” உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். “ஆனா ஒண்ணு. மறுநாள் மணி அடிச்சதும் குடுத்துடணும். ஒரு ராத்திரின்னா விருந்தாளி. ரெண்டாவது ராத்திரின்னா குடித்தனம்.”

“தையல்காரி வீட்டப் பாத்திருக்கியா?” என்றான் கோயோ. “ஊருக்குக் கீழ்க்கோடியில.”

பார்த்திருக்கிறான். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் கல்வைத்து அடைத்த வீடு. சுற்றுலாக்காரர்கள் அதையும் படம் பிடிப்பார்கள்.

“பெரும்பனி பெஞ்ச வருஷம். அந்தம்மாவோட பொண்ணு போயி ஒரு மாசம். ஒரு ராத்திரி போதலன்னு நெனச்சிருச்சு. பெட்டியக் குடுக்கல. எங்கப்பாதான் விடியிறதுக்குள்ள வாசலுக்குக் கல்லு வெச்சாரு. கூரைப் பலகையப் பிரிச்சுப் பெட்டிய மட்டும் வெளிய எடுத்தாரு. முந்தி இருபத்திநாலு வீடு.”

“அந்தம்மா?”

விசி ரொட்டியை மார்போடு அணைத்து வைத்து அறுக்க ஆரம்பித்தாள். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ,” என்றாள்.

மாலை ஆறு மணிக்கு மணி அடித்தது. கதவில் மூன்று தட்டு. விசி பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்து, கண்ணாடிக் குவளையில் எண்ணெய் ஊற்றி, மிதக்கும் திரியை ஏற்றினாள். போகும்போது மாடியை நிமிர்ந்து பார்த்து, “வந்திருக்கான் பாரு, உன் புருஷன்,” என்று எதிர்வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவனுக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது. நம்பாமலிருக்கவும் தெம்பில்லை. மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்தான். உள்ளே பார்க்காமல் இறங்கி வந்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து, அடுப்பில் கட்டை வெடிப்பதையும், கூரையிலிருந்து பனி சரிந்து சந்தில் விழும் மெத்தென்ற சத்தத்தையும், சுவருக்குள் எங்கோ ஓர் எலி சுரண்டுவதையும் ஒவ்வொன்றாக இன்னது என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டு வழியாக ஒரு வாசனை இறங்கி வந்தது. ஆரஞ்சுத்தோல் வாசனை. குளிர்காலத்தில் வெடிக்கும் விரல்களுக்கு இசார்பே பூசிக்கொள்ளும் களிம்பு. அவன் அசையவில்லை. வாசனையைத் தொடர்ந்து மேலே கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது, ஒருவர் புரண்டு படுப்பதுபோல. அதன் பிறகு மூச்சு. ஆழமான, சீரான மூச்சு. ஐந்து வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட, நோய்க்கு முந்தைய மூச்சு. எழுந்து வெளியே ஓடிவிடத் தோன்றியது. அந்த மூச்சோ ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அவனுடைய மூச்சையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

ஏழு மணிக்கு எழுந்தான். சாம்பலைக் கிளறினான். முகம் கழுவினான். காபியைச் சத்தம் வருவதற்கு முன்பு இறக்கினான். பதினோரு மாதங்களில் முதல்முறையாக முழு இரவும் தூங்கியிருக்கிறான் என்பது இரண்டாவது வாய் காபியில்தான் உறைத்தது.

மாடிக்குப் போனான். இந்த முறை வாசற்படியைத் தாண்டினான். சின்ன அறை. கட்டில், அலமாரி, ஒரு சன்னல். கீழ்த்தளச் சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி உண்டு, இதற்கு மட்டும் இல்லை. பதினாறு வயதில் திருவிழா இரவுகளில் இந்தச் சன்னல் வழியாகத்தான் விறகுக் கொட்டகைக் கூரைமேல் இறங்கி ஓடுவாளாம். தலையணையில் ஒரு குழி இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்தான்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அங்கேயே மண்டியிட்டான். கண் கரித்தது. அடக்கத்தன்று வராதது, பிறகும் வராதது, மூக்கின் அடியில் வந்து முட்டியது. வெளியே வரவில்லை. இன்னொரு இரவு கிடைத்தால் வந்துவிடும் என்று தோன்றியது. இன்னும் ஒரே ஓர் இரவு. அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பக்கத்தில் இருந்தேன் என்று ஆகிவிடும்.

அன்று முழுவதும் மூடுபனி. மதியமே மாலை மாதிரி இருந்தது. ஆறு மணிக்கு மணி அடித்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கினான். மணிக்காரன் வீடு முப்பதடி தள்ளி இருந்தது. ஐம்பது வருடமாகப் பூட்டிய வீட்டின் படியில் பனி இல்லை. யாரோ சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். கதவு ஒரு விரலகலம் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டில், கதவுக்கு மிக அருகே, ஒரு மரப்பலகை மெல்ல முனகியது. வெகுநேரம் நிற்பவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொள்ளும் சத்தம்.

லோரியன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். முதுகுக்குப் பின்னால் அந்தக் கதவு முழுவதுமாகத் திறப்பது கேட்டது.

வீட்டு வாசலில் கோயோ நின்றான். மணிக்கயிறு இழுத்த கைகளை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தான்.

“குடுத்துட்டியா, மாப்பிள்ளை?”

“குடுத்துட்டேன்.”

“மெய்யாவா?”

“மெய்யாத்தான்.”

கோயோ அவன் முகத்தைப் பார்த்தான். மேலங்கி புடைத்திருப்பதையும் பார்த்திருக்க வேண்டும். ஒரு கேலி வரும் என்று லோரியன் காத்திருந்தான். வரவில்லை.

“சரிப்பா,” என்றான் கோயோ, மெதுவாக. “உள்ள போ.”

பெட்டியை மேசையில் வைத்தான். நேற்று மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றித் திரியை ஏற்றினான். பெட்டியின் சின்னக் கதவுகளைத் திறந்தான். மாதாவின் தேய்ந்த முகத்தில் வெளிச்சம் விழுந்தது. மாடிக்குப் போய் அறைக் கதவைச் சுவரோடு ஒட்டத் திறந்துவைத்தான். படிக்கட்டின் மேற்படியில், அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இன்று அவள் வந்ததும் எழுந்து உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

வெளியே, மூடுபனிக்குள், சந்தின் கீழ்க்கோடியிலிருந்து ஒரு தாழ் திறக்கும் சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, இன்னும் அருகில். பிறகு ஒரு கீல். அடைத்து வைத்த அறைகளின் வாடை, பழைய கம்பளியும் அணைந்த அடுப்பும் சேர்ந்த வாடை, வாசல் கதவின் இடுக்கு வழியாக வந்து படிக்கட்டில் ஏறியது. பனியை மிதிக்கும் காலடிகள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வெளியே நிறையப் பேர் சத்தமில்லாமல் நிற்கும்போது ஒரு சந்தின் அமைதி எப்படி மாறுமோ அப்படி மாறியிருந்தது.

ஏழு மணி வாக்கில் ஆரஞ்சுத்தோல் வாசனை வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. மூச்சு வந்தது.

“இசா,” என்றான்.

மூச்சு நின்றது. அவன் சொன்னதைக் கேட்டதுபோல. பிறகு மறுபடி தொடங்கியது. சீராக இல்லை. ஓர் இழுப்பு. இடைவெளி. ஓர் இழுப்பு. ஆரஞ்சு வாசனைக்கு அடியிலிருந்து இன்னொன்று மேலே வந்தது. ஸ்பிரிட், பிளாஸ்டிக் குழாய், துவைத்துத் துவைத்து வெளுத்த ஆஸ்பத்திரிப் போர்வை.

அவனுக்குப் புரிந்தது. நேற்று வந்தது விருந்தாளி, நல்ல உடை உடுத்தி வருவதுபோல நல்ல மூச்சோடு வந்தாள். இன்று வந்திருப்பவள் குடியிருக்க வந்தவள். எங்கே அவளை விட்டுவிட்டு வந்தானோ, அங்கிருந்து நேராக வந்திருக்கிறாள்.

களகள.

தண்ணீர் எல்லாம் மேலேறி முடியும் தறுவாயில் வரும் சத்தம். அவள் மார்புக்குள்ளிருந்து.

பிப்ரவரியில் அது விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கியது. நடைக்கூடத்தின் கடைசி அறை. இன்றைக்குத்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் சிவப்பாக ஒரு வெளிச்சம். ஆறு மணிக்கு அவள் கண்ணைத் திறந்தாள். அவனை நன்றாகத் தெரிந்துகொண்டு பார்த்தாள். மூன்று சொற்கள் சொன்னாள், தெளிவாக. அவன் சரி என்று தலையசைத்தான். பிறகு கையை விட்டான். எழுந்தான். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். கதவின் கீழ் இடுக்கு வழியாகத் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. கட்டிலிலிருந்து அவள் கை தொங்கியிருக்க வேண்டும். அவன் திரும்ப உள்ளே போனபோது நன்றாக விடிந்திருந்தது.

களகள.

எழுந்தான். உள்ளே போவதற்காகத்தான் எழுந்தான். திரும்பினான். அறை இருட்டாக இருந்தது. கட்டில் கிறீச்சிட்டது. தரையில் ஒரு பாதம். ஈரமாக. இன்னொரு பாதம்.

போக வேண்டும். நாலடிதான்.

அவன் கை நீண்டது. கதவைப் பிடித்தது. இழுத்தது. தாழ் குழியில் விழுந்தது.

யோசிக்கவே இல்லை. பதினோரு மாதங்களுக்கு முன்பும் யோசிக்கவில்லை. அதே கை.

தாழை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் கீழேயிருந்து வந்த சத்தம் காதில் விழுந்தது. வெகுநேரமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. கல்லின் மேல் கல். கரணை சுரண்டும் ஓசை. மறுபடி கல். வாசல் பக்கமிருந்து.

கூடவே விசி செபமாலை சொல்லும் குரல். விம்மலில் அறுந்து அறுந்து வந்தது.

“கோவிச்சுக்காத, மாப்பிள்ளை.” கீழே, வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் கோயோ. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். “ரெண்டு தடவ கேட்டேனே. ரெண்டு தடவ கேட்டேன்.”

கல்.

கத்தலாம். கத்தவில்லை. கீழ்ச் சன்னல்களில் கம்பி. கம்பியில்லாத சன்னல் இந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அது இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்.

இனி இருபத்திரண்டு வீடு. யாராவது தாளைப் புதிதாக எழுத வேண்டும். அதை மட்டும்தான் நினைத்தான்.

கல்.

கீழே சமையலறையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக இழுபட்டன. யார் யாரோ உட்கார்ந்தார்கள்.

மாடியில், அவன் கைக்குள், தாழ் அசைந்தது. மெதுவாக மேலே எழும்பியது. அழுத்தினான். இறங்கியது. மறுபடி எழும்பியது. அழுத்தினான்.

நின்றது.

உடல் ஒன்று கதவில் சாய்ந்து, வழுக்கிக்கொண்டே கீழே இறங்கியது. களகள. இப்போது அவன் கணுக்கால் உயரத்தில். தரையோடு தரையாக.

கீழே பார்த்தான்.

கதவின் கீழ் இடுக்கு வழியாக விரல்கள் வெளியே வந்தன. நான்கு. வெடித்த நுனிகள். களிம்பு மினுங்கியது. நடுவிரலில் கிளிப். சிவப்பு வெளிச்சம் பலகையில் ஒரு பொட்டாக விழுந்தது. விரல்கள் தடவித் தடவி வந்து, அவனுடைய காலுறை நுனியைத் தொட்டுப் பிடித்துக்கொண்டன.

களகள அடங்கியது. பேசுவதற்காக மூச்சைச் சேர்த்துக்கொள்ளும் அமைதி. அது எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு தெளிவாக, அன்று சொன்ன அதே குரலில், அதே மூன்று சொற்கள்:

“கதவைச் சாத்தாத, லோரியன்.”